நான்காவது கல்

சாரேமா தீவில் ஏப்ரல் கடைசி.
பனி விட்டுப்போன நிலம்
காலணியைப் பிடித்து இழுக்கிறது.
மூன்று கற்கள் இருக்கின்றன.
நான்காவதைக் கூட்டுப்பண்ணை டிராக்டர்
உழுது தள்ளியது எந்த வருடம் என்பதில்
ஹெல்துருக்கு ஒரு கணக்கு,
அக்கா மைமுவுக்கு வேறு கணக்கு.
இரண்டையும் என்னிடம்தான் சொல்கிறார்கள்.
தங்களுக்குள் பேசி ஒன்பது ஆண்டாகிறது.

நான் நில அளவைக்காரி.
மீட்டருக்குக் கூலி உண்டு, மௌனத்துக்கு இல்லை.

கிணற்றடியைச் சுழியம் என்று வைத்தேன்.
கிழக்கே பத்து மீட்டர் ஓர் அலகு,
வடக்கேயும் அப்படியே.
கடலோரக் கல்: இரண்டு, ஒன்று.
வேலிக் கல்: ஏழு, மூன்று.
பிர்ச் மரத்தடிக் கல்: ஒன்பது, எட்டு.
இந்த வரிசையில்தான் பத்திரம் அவற்றைச் சொல்கிறது.
எதிர்ப் பக்கங்கள் இணை, நீளமும் ஒன்றே
என்று போருக்கு முந்திய குமாஸ்தா ஒருவர்
வளைத்து வளைத்து எழுதியிருக்கிறார்.
நாலாவது கல்லின் பெயர் இருந்த இடத்தில்
ஈரம் ஏறி, மை பரவி,
ஒரு சின்ன நீலக் குளம்.

பள்ளியில் ஒரே விடை எழுதி
முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
சேற்றில் நின்றால் விடை மூன்று.
யார் யாருக்கு எதிர் என்று சொல்லாதவரை
மூன்று இணைகரமும் நியாயம்தான்.

ஒன்று பதினான்கு, பத்து.
அது ஆர்வோவின் சௌனா அடுப்புக்குள் போய் விழுகிறது.
கதவைத் திறந்து, இடுப்பில் துண்டோடு,
ஆவி பறக்க நின்று கேட்டார்:
"என் அடுப்புக்குமா பட்டா போடுகிறாய்?"

இன்னொன்று சுழியம், கழித்தல் நான்கு.
கடல்.
அதன்மேல் ஓர் அன்னம் மிதந்துகொண்டிருந்தது.
"அது எனக்கு வேண்டாம்"
இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு
சொன்னதற்கு வெட்கப்பட்டு
ஆளுக்கொரு திசை பார்த்தார்கள்.

மிச்சம் ஒன்று, வேலிக் கல்லுக்கு எதிரே.
இரண்டும் ஒன்பதும் பதினொன்று, ஏழு போக நான்கு.
ஒன்றும் எட்டும் ஒன்பது, மூன்று போக ஆறு.
காகிதத்தை நீட்டினேன்.
மைமு வாங்கவில்லை.
"எண்ணை யார் வேண்டுமானாலும் எழுதலாம்."

சரி, நடங்கள் என்றேன்.
ஹெல்துர் வேலிக் கல்லிலிருந்து
கடலோரக் கல்லுக்கு.
மைமு பிர்ச் கல்லிலிருந்து
அதே திசையில், அதே தூரம்.
மேற்கே ஐந்து போகும்போது தெற்கே இரண்டு.
அவர் ஓர் எட்டு வைத்தால் இவரும் ஓர் எட்டு.
பார்த்துக்கொள்ளாமல் இதைச் செய்ய முடியாது.

தம்பிக்கு இடது முழங்கால் மடங்குவதில்லை.
நாலாவது எட்டிலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.
தன் எட்டைக் குறுக்கிக்கொண்டார்.
ஜூனிபர் புதர்களுக்கு மேலே
இரண்டு தலைகள், புல்லில் இரண்டு நிழல்கள்,
ஒரே சாய்வு.
நடுவில் காற்றைத் தாண்டிக் கத்தினார்:
"முட்டி எப்போதிலிருந்து?"
பதில் வரக் கொஞ்ச நேரமானது.
"நட."

அவர் கல்லைத் தொட்டு நின்றார்.
இவர் வெறும் புல்லில் நின்றார்.
காலடியில் தோண்டினேன்.
கல் இல்லை.
முழ ஆழத்தில் ஒரு கை சுண்ணாம்பு ஜல்லி,
கிண்ணம் மாதிரி குழிந்து,
ஏதோ கனமானது வெகுகாலம் உட்கார்ந்து எழுந்த தடம்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மைமு மட்டும் குனிந்து
ஒரு ஜல்லியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

இரும்பு முளை அடித்து, சிவப்புத் துணி கட்டினேன்.
கூலியை எப்படிப் பங்கிடுவது என்று
தனித்தனியே வந்து கேட்டார்கள்.
இரண்டால் வகுங்கள் என்று தனித்தனியே சொன்னேன்.

திரும்பும்போது கரையோரமாக வந்தேன்.
இந்தத் தீவு வருடத்துக்கு
ஓரிரு மில்லிமீட்டர் எழும்புகிறது.
அன்னம் போய்விட்டிருந்தது.
சுழியம், கழித்தல் நான்கு,
தவறென்று நான் அடித்துவிட்ட அந்தப் புள்ளி
தண்ணீருக்கடியில்
அவசரமில்லாமல்
கரையேறிக்கொண்டிருக்கிறது.